கிராஞ்சிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தியசாலை

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயரை இன்றளவும் தாங்கி நிற்கும் வீதி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தேக்கா வட்டாரத்திலேயே குதிரைப் பந்தயம் நடந்ததற்குச் சாட்சியாக இருக்கிறது. அந்தப் பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்குப் பெயர்ந்து, இருபதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் அங்கிருந்து கிராஞ்சிக்கு வந்து, நிலம் குடியிருப்பு முதலிய காரியங்களுக்குத் தேவை என்று அரசாங்கம் தீர்மானித்ததன் பேரில், 2024ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதியோடு முற்றுப்பெற்றது. நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்துவந்த ஒரு வழக்கத்தை ஒரே உத்தரவால் ஓய்வுபெறச் செய்ய முடிந்தது. ஆனால் பந்தயத்திலோ மதுவிலோ மனத்தைப் பறிகொடுத்து, அதனால் உறக்கமிழந்து, உறக்கமிழந்ததனால் மேலும் அதையே நாடும் ஒரு மனிதனின் தாகத்தை ஓய்வுபெறச் செய்யும் உத்தரவு எந்த அரசாங்கத்தின் கையிலும் இல்லை. அதைத் தணிப்பதற்கு வைத்தியரும், காலமும், அந்த மனிதனின் பாஷை தெரிந்த ஒரு துணையும் வேண்டும்.

இந்தத் தீவு இதை முன்பே ஒருமுறை அனுபவித்து அறிந்திருக்கிறது. காலனி ஆட்சி அபினியை விற்று அந்த வருமானத்தைப் பெரிதும் நம்பித் தன் கஜானாவை நிரப்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. யுத்தம் முடிந்து 1946இல் அபினி தடை செய்யப்பட்டபோது, விற்பனை நின்றதே தவிர, பல்லாண்டுகளாகப் புகைத்துப் பழகியவர்களின் தேகம் அந்தத் தடையை ஏற்றுக்கொள்ளவில்லை. 1955இல் செயின்ட் ஜான்ஸ் தீவில் அபினி அடிமைகளுக்கென ஒரு சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. அந்நாளில் அது பெரிய முன்னேற்றம். குற்றவாளியாகக் கருதப்பட்டவனை நோயாளியாகக் கருதத் தொடங்கிய முயற்சி என்று அதனை மனமாரப் பாராட்டலாம். என்றாலும், நோயாளியை உலகத்திலிருந்து பிரித்துக் கடலுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தால்தான் குணம் உண்டாகும் என்ற நினைப்பு அப்போது வேரூன்றி, 1973இன் போதைப்பொருள் சட்டத்திற்குப் பின் எழுந்த மறுவாழ்வு நிலையங்கள் வரை நம் சமூகத்தின் மனத்தில் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் ‘குடிக்கு வைத்தியம்’ என்று சொன்னவுடன் நம்மில் பலருக்கு உயர்ந்த மதிலும் பூட்டிய கதவுமே கண்முன் தோன்றுகின்றன. வேலையையும் வீட்டையும் விட்டுப் பிரியாமல், வாரம் ஒரு தடவையோ இரண்டு தடவையோ போய்வந்து பெறுகிற வெளிநோயாளிச் சிகிச்சை என்ற ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. அந்தச் சிகிச்சையைப் பற்றியும், அதை மிகவும் வேண்டி நிற்கும் ஒரு ஜனக்கூட்டத்தைப் பற்றியும் எழுதுவதே என் நோக்கம்.

கிராஞ்சி என்றதும் மூத்த தலைமுறையினருக்கு, 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை கரையேறிய சதுப்பு நிலமும், யுத்தத்தில் மாண்டவர்களின் கல்லறைகள் வரிசை வரிசையாக நிற்கும் நினைவிடமும் ஞாபகத்துக்கு வரும். இன்று அந்த வட்டாரத்தில் பொழுது விடியுமுன் கூடுகிறவர்கள் வேறு. சுங்கை காடூட் தொழிற்பேட்டையை ஒட்டியும் அதற்கப்பாலும் உள்ள தங்குவிடுதிகளில், தமிழ்நாட்டின் தஞ்சை, புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களிலிருந்து வந்தவர்களும், வங்காளதேசத்தவரும், பிறரும் வாழ்கின்றனர். தீவு முழுவதிலும் இவ்விதம் விடுதிகளில் வாழ்வோர் 2020இல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டிருந்தனர். இருட்டோடு லாரி ஏறி, கட்டுமானத் தளத்திலோ கப்பல் பட்டறையிலோ உழைத்து, ‘ஓடி’ என்று அவர்கள் சொல்லும் அதிக நேர வேலையையும் முடித்துக்கொண்டு, இரவில் பத்துப் பன்னிரண்டு பேர் படுக்கும் அறைக்குத் திரும்புகிற அந்த மனிதனுக்குத் தனிமையும் இல்லை, துணையும் இல்லை. சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள். மனம்விட்டுச் சொல்வதற்கு ஆளில்லை. ஏஜென்டுக்குக் கொடுத்த பணம் வட்டியோடு வளர்ந்துகொண்டிருக்கிறது. தங்கையின் கல்யாணமும் தகப்பனாரின் வைத்தியச் செலவும் கைப்பேசி வழியே ஒவ்வோர் இரவும் வந்து சேர்கின்றன.

அவன் எப்படிக் குடிக்கத் தொடங்குகிறான் என்பதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வந்து, ஊர்க்காரர்களோடு சேர்ந்து, களைப்புத் தீர ஒன்றிரண்டு பீர் குடிப்பதில் அது ஆரம்பமாகிறது. பிறகு, உறக்கம் வரவில்லை என்பதற்காக வாரத்தின் நடுவிலும் கொஞ்சம் தேவைப்படுகிறது. மது முதல் ஜாமத்தில் உறக்கத்தைக் கொடுப்பதுபோல் கொடுத்து, பின்னிரவில் அதைப் பறித்துக்கொள்ளும் தன்மையுடையது. ஆதலால் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, விழித்தவுடன் நெஞ்சு படபடக்கிறது, ஊர் நினைவும் கடன் நினைவும் சேர்ந்து அமுக்குகின்றன, மறுநாள் வேலையில் கை நிதானமில்லாமல் போகிறது, மேஸ்திரியின் ஏச்சு விழுகிறது, அந்த ஏச்சை மறக்க மாலையில் மறுபடியும் குடி. இன்னொருவனுக்குக் கதை நேர் எதிர்த்திசையில் நடந்திருக்கும்: ஊரில் இருந்தபோதே, தாயை இழந்த காலத்திலோ தொழிலில் நொடித்த காலத்திலோ, மனச்சோர்வு என்னும் வியாதி அவனைப் பற்றியிருந்து, அதற்குப் பெயர் தெரியாமலேயே கடல் கடந்து வந்து, அந்தப் பெயர் தெரியாத பாரத்துக்கு மதுவைத் தானே மருந்தாகக் கண்டுபிடித்துக்கொண்டிருப்பான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இருவரும் ஒன்றுதான்: குடிகாரர்கள். வைத்தியனுக்கு மட்டும் அந்த இருவரும் ஒன்றாகத் தோன்றக்கூடாது.

இங்கேதான் சிகிச்சையின் நுட்பம் இருக்கிறது. மதுவால் விளைந்த மனச்சோர்வு, மது நின்ற சில வாரங்களில் பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும். மதுவுக்கு முன்பே வேர்விட்டிருந்த மனச்சோர்வோ பதற்றமோ அவ்விதம் தணிவதில்லை, மது நின்றபின் இன்னும் தெளிவாகத் தலைகாட்டும். இரண்டில் எது என்பதை ஒரே நாளில், ஒரே சந்திப்பில், எந்த நிபுணராலும் நிச்சயித்துச் சொல்ல இயலாது. அந்த மனிதனை விடாமல் பார்த்து, அவன் உறக்கத்தையும் பசியையும் பேச்சையும் கவனித்து, வாரக்கணக்கில் பின்தொடர்ந்தால்தான் தெரியும். பல நாடுகளில் நெடுங்காலம் என்ன நடந்தது என்றால், குடியைக் கவனிக்கும் ஸ்தாபனம் ‘முதலில் மனத்தைச் சரிசெய்துகொண்டு வா’ என்று அனுப்பியது. மனத்தைக் கவனிக்கும் ஆஸ்பத்திரியோ ‘முதலில் குடியை நிறுத்திவிட்டு வா’ என்று திருப்பி அனுப்பியது. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாட்டை மட்டும் தட்டி ஓட்டினால் வண்டி நின்ற இடத்திலேயே வட்டமடிப்பதுபோல, நோயாளியும் இரு வாசல்களுக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருந்தான். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ராபர்ட் டிரேக் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும், 1980களின் பிற்பகுதி தொடங்கி, இரு வியாதிகளையும் ஒரே குழு, ஒரே இடத்தில், ஒரே சமயத்தில் கவனிக்கும் முறையை வகுத்து, அதன் விளைவுகளைப் பொறுமையாக ஆராய்ந்து எழுதினார்கள். அதன்பின் இந்த ஒருங்கிணைந்த முறையே உசிதமானது என்ற கருத்து வைத்திய உலகில் நிலைபெற்றது.

அப்படியானால் எல்லாரையும் வீட்டிலும் விடுதியிலும் வைத்தே குணப்படுத்திவிடலாமா என்று கேட்டால், முடியாது என்பதை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்த ஒருவன் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளிலேயே கைநடுக்கமும் வியர்வையும் தோன்றும். சிலருக்கு ஓரிரு நாட்களுக்குள் வலிப்பு வரும். இரண்டு மூன்று நாட்களுக்குப் பின் இல்லாத உருவங்களைக் கண்டு அலறி, காலமும் இடமும் மறந்து, உயிருக்கே அபாயமாகும் சன்னி நிலையும் சிலருக்கு உண்டாகும். முன்பு அவ்வாறு வலிப்போ சன்னியோ வந்தவர்களும், தற்கொலை எண்ணம் உடையவர்களும், பக்கத்தில் இருந்து பார்க்க ஒருவரும் இல்லாதவர்களும் ஆஸ்பத்திரிப் படுக்கையில்தான் மதுவை விட வேண்டும். ஆனால் எல்லாரும் அந்நிலையினர் அல்லர். அந்நிலையினருக்கும் படுக்கை சில நாட்களுக்கே தேவை. மீதியுள்ள மாதங்களும் வருஷங்களும், அதாவது சிகிச்சையின் மிகப் பெரிய பகுதி, வாழ்க்கை நடக்கும் இடத்தில்தான் நடந்தாக வேண்டும். ஏனெனில் ஆசை திரும்பத் தலைதூக்குவது ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவர்களுக்கு நடுவில் அல்லவே, சம்பள நாள் மாலையிலும் ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்த இரவிலும் அல்லவா?

வெளிநோயாளிச் சிகிச்சையின் உபகரணங்கள் எளியவை. ஆசையின் வேகத்தைத் தணிக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் உண்டு. நெடுநாள் குடியால் குறைந்துபோன தயமின் என்னும் உயிர்ச்சத்தை ஈடுசெய்ய வேண்டும். மனச்சோர்வு உண்மையிலேயே தனி வியாதியாக இருக்கிறதென்று தெரிந்தால் அதற்கான மருந்தையும் கூடவே தர வேண்டும். இவற்றோடு, எந்த நேரத்தில், எந்த எண்ணத்தின் பின்னால், எவர் முகத்தைக் கண்டபின் குடிக்கத் தோன்றுகிறது என்று நோயாளியே கண்டறிந்து அதற்கு மாற்று வழி தேட உதவும் ஆலோசனைப் பேச்சு வேண்டும். மருந்துகளுள் டைசல்ஃபிராம் என்பதைப் பற்றி மட்டும் தனியாக ஓர் எச்சரிக்கை சொல்ல விரும்புகிறேன். 1948இல் டென்மார்க்கு நாட்டில் அதன் குணம் வெளியாயிற்று. அதை உட்கொண்டவன் மது அருந்தினால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சு அடைத்துப் பெரும் அவதிப்படுவான். வைத்தியரின் மேற்பார்வையில், நோயாளியின் பூரண சம்மதத்தோடு தரப்படும்போது அது பயனுள்ளதே. ஆனால் நம் ஊர்ப்பக்கங்களில் ‘குடியை மறக்கடிக்கும் மருந்து’ என்று எதையாவது வாங்கி, கணவனுக்கோ மகனுக்கோ தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அவ்விதம் கொடுக்கிற தாயின் கண்ணீரை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்தச் செயல் உயிரைப் பறிக்கக்கூடியது, அதைச் செய்யவே கூடாது.

இனி, சிங்கப்பூரில் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம். 1928இல் மனநோய் மருத்துவமனையாகத் தொடங்கி, பின்னர் உட்பிரிட்ஜ் மருத்துவமனை என்று பெயர் பெற்று, 1993இல் புவாங்கோக் வட்டாரத்துக்கு இடம்பெயர்ந்த மனநலக் கழகத்தின் வளாகத்திலேயே, 2008 முதல் தேசிய போதைப்பழக்க நிர்வாகச் சேவை இயங்கிவருகிறது. மது, போதைப்பொருள், சூதாட்டம் ஆகிய பழக்கங்களுக்கும் மனோவியாதிகளுக்கும் ஒரே வளாகத்தில் வைத்தியம் கிடைப்பது சாமானியமான பாக்கியம் அன்று. எத்தனையோ தேசங்களில் அது கனவு. பிரஜைகளுக்குச் சட்டமும் படிப்படியாக இரங்கி வந்திருக்கிறது. தற்கொலை முயற்சி குற்றம் என்ற நிலை 2020 ஜனவரியில் நீங்கியது. மதுப்பழக்கத்தாலும் போதைப்பழக்கத்தாலும் வரும் சிகிச்சைக்கு மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி இல்லை என்று இருந்த விலக்கு 2021இல் அகற்றப்பட்டது. நோயைப் பாவமாகக் கருதும் பழைய மனோபாவத்திலிருந்து அரசாங்கமே விலகி வந்திருக்கிறது என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை.

ஆயினும் பிரஜைகளுள்ளேயே எத்தனை பேர் அந்த வாசலை மிதிக்கிறார்கள்? 2016இல் எடுக்கப்பட்ட சிங்கப்பூர் மனநல ஆய்வின்படி, ஏழு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனோவியாதிக்கு ஆளாகிறார், நூற்றுக்கு 4.1 பேர் மதுவைத் துர்ப்பிரயோகம் செய்யும் நிலையை அடைந்தவர்கள். மனோவியாதி கண்டவர்களுள் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் உதவியே நாடவில்லை. உறவினரும், சொந்த வீடும், மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கும், அரசாங்க மானியமும் உடையவர்களின் கதி இது. அந்த ஆய்வு பிரஜைகளையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டது என்பதைக் கவனிக்க வேண்டும். கிராஞ்சி விடுதியில் படுத்திருப்பவன் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

அவன் புவாங்கோக்குக்குப் போவது எப்படி? கிராஞ்சி நிலையத்தில் ரயிலேறி, பீஷானில் ஒருமுறையும் சிராங்கூனில் ஒருமுறையும் மாறி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிரயாணம் செய்ய வேண்டும். தூரமாவது பரவாயில்லை, வார நாளில், பகல் நேரத்தில், வேலையை விட்டுப் போக வேண்டும். அதற்கு மேஸ்திரியிடம் காரணம் சொல்ல வேண்டும், திரும்பி வரும்போது ‘எம்சி’ என்னும் வைத்திய விடுப்புச் சீட்டைக் காட்ட வேண்டும், அந்தச் சீட்டைப் பார்த்து முதலாளி என்ன நினைப்பாரோ என்று பயப்பட வேண்டும். வெளிநாட்டு ஊழியருக்கு மானியம் கிடையாதாகையால் கட்டணம் முழுமையாக விழும். ஊழியரின் வைத்தியச் செலவு முதலாளியின் பொறுப்பு என்று சட்டம் சொல்வது உண்மை. 2023 ஜூலை முதல் முதலாளிகள் எடுத்துத் தர வேண்டிய வைத்தியக் காப்புறுதியின் வருஷ வரம்பு 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டிருப்பதும் வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்தக் காப்புறுதி ஆஸ்பத்திரியில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கும், ஒரே நாளில் முடியும் அறுவைச் சிகிச்சைக்கும் உரியது. வாரந்தோறும் போய்வந்து மருந்தும் ஆலோசனையும் பெறுவதற்கு அது கைகொடுப்பதில்லை. இதன் பலன் என்ன? கல்லீரல் கெட்டோ சன்னி கண்டோ சுமந்துகொண்டு போகப்படும் நாளில் பணம் வருகிறது. அந்த நாளே வராமல் தடுத்திருக்கக்கூடிய, அதைவிட எத்தனையோ மடங்கு மலிவான சிகிச்சைக்குப் பணம் வருவதில்லை. இரக்கத்தை ஒதுக்கிவிட்டு வெறும் கணக்குப் பார்த்தாலும் இந்த ஏற்பாடு நஷ்டமானது.

2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வெளிநாட்டு ஊழியர்கள் பங்கெடுத்த கலவரத்தை இந்த நகரம் மறக்கவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு மறு வருஷம் ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கையில், அன்றைய சம்பவத்துக்கு மதுவும் ஒரு காரணம் என்று கூறியது. 2015 ஏப்ரல் முதல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலுக்கு வந்து, இரவு பத்தரை மணிக்குப் பின் பொது இடங்களில் குடிப்பது எங்கும் தடையாயிற்று. தேக்கா வட்டாரத்துக்கு வார இறுதியில் இன்னும் கடுமையான விதிகள் ஏற்பட்டன. பொது அமைதிக்கு அந்தச் சட்டம் அவசியம் என்று வாதிப்பவர்களோடு நான் வழக்காட வரவில்லை. புட்டியின் நேரத்தைச் சுருக்கிய அதே அக்கறை, வைத்தியரின் நேரத்தை நீட்டுவதிலும் காட்டப்பட்டிருந்தால், இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திராது. வெட்ட வெளியில் குடிக்க முடியாதவன் குடியை விட்டுவிடுவதில்லை. பிறர் பார்வைக்குத் தப்பிய மூலையைத் தேடிக்கொள்கிறான், அங்கே அவனை ஆபத்து வந்தாலும் பார்ப்பாரில்லை.

2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் விடுதிகளின் கதவுகள் மாதக்கணக்கில் சாத்தப்பட்டபோது, உள்ளே இருந்தவர்களின் மனநிலையைப் பற்றி நாடே கவலைப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் மனிதவள அமைச்சு, ஊழியர்களின் மனநலத்துக்கென ‘புராஜெக்ட் டான்’ என்ற கூட்டு முயற்சியைத் தொடங்கியது. 2006 முதல் வெளிநாட்டு ஊழியர்களுக்கு வைத்தியத் தொண்டு புரிந்துவரும் ஹெல்த்செர்வ் என்ற தர்ம ஸ்தாபனம் இருபத்துநான்கு மணி நேரமும் அழைக்கத்தக்க தொலைபேசிச் சேவையை நடத்துகிறது. ஊழியர்களுள்ளேயே சிலர், தோழர்களின் துயரத்தைக் கேட்டு வழிகாட்டப் பயிற்றுவிக்கப்பட்டிருக்கிறார்கள். 2022 முதல் விடுதிவாசிகளுக்குச் சாதாரண நோய்களுக்கான ஆரம்ப வைத்தியத் திட்டமும் அமலில் உள்ளது. பாலம் பாதி கட்டியாகிவிட்டது என்று இதைச் சொல்லலாம். மீதிப் பாதி, இந்த ஆரம்ப வைத்தியத்துக்குள்ளேயே மதுப்பழக்கத்தையும் மனோவியாதியையும் சேர்த்துக் கவனிக்கும் ஏற்பாடு.

அது எட்டாத காரியமன்று என்பதற்குத் தமிழ்நாடே உதாரணம். மதுவுக்குத் தம் கணவரை இளம் வயதில் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், 1980இல் சென்னையில் கணவர் பெயராலேயே டி. டி. ரங்கநாதன் ஆராய்ச்சி ஸ்தாபனத்தை நிறுவினார். வைதவ்யத்தின் துக்கத்தை வீட்டுக்குள் அடைத்து வைக்காமல், மற்றக் குடும்பங்களுக்கு ஒரு வாசலாகத் திறந்துவிட்ட அந்த மனோதிடத்துக்கு 1992இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. என் மனத்தில் விருதைவிட ஆழமாகப் பதிந்திருப்பது, அந்த ஸ்தாபனத்தார் திருவாரூர்ப் பக்கத்து மஞ்சக்குடியில் நடத்திய கிராம முகாம். அடையாற்று ஆஸ்பத்திரிக்கு வர வழியில்லாத விவசாயக் கூலிகளை ‘நீங்கள் வாருங்கள்’ என்று அழைத்துக் காத்திராமல், வைத்தியரும் ஆலோசகரும் கிராமத்துக்கே போய், இரண்டு வார காலம் அங்கேயே தங்க வைத்து மதுவை விடச் செய்து, பின்பு தொடர்ந்து வந்து பார்த்து, மனைவியரையும் ஊர்ப் பெரியவர்களையும் அந்தப் பணியில் கூட்டிக்கொண்டார்கள். ஊராரே பொறுப்பேற்றதால், குணமடைந்தவன் ஊர் நடுவில் தலைநிமிர்ந்து நடக்க முடிந்தது. மஞ்சக்குடிக்கு எட்டிய வைத்தியம், அந்தப் பக்கத்து ஜில்லாக்களின் பிள்ளைகள் வந்து உழைக்கும் கிராஞ்சிக்கு எட்டாமல் போவதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முதலாளிகளின் தரப்பிலிருந்து ஓர் ஆட்சேபம் எழும், அது நியாயமான ஆட்சேபமும்கூட. ‘உயரத்தில் சாரம் ஏறி நிற்பவனும், பாரந்தூக்கியை இயக்குபவனும் குடிப்பழக்கம் உள்ளவன் என்று தெரிந்தபின் எப்படி வேலையில் வைத்துக்கொள்வது? விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது?’ என்று அவர்கள் கேட்பார்கள். அவனைச் சில வாரங்கள் தரைமட்டத்து வேலைக்கு மாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் ‘தெரிந்தால் பர்மிட் கேன்சல், அடுத்த விமானத்தில் ஊர்’ என்ற பயம் இருக்கும்வரை, அவன் யாருக்கும் தெரியவிட மாட்டான். நடுங்கும் கையை மறைத்துக்கொண்டு அதே சாரத்தில் ஏறுவான். கடனைத் தீர்க்காமல் ஊர் திரும்புவதைவிட விழுந்து சாவதே மேல் என்று எண்ணும் நிலையில் இருக்கிறவனிடம் உண்மையை எதிர்பார்ப்பது எப்படி? மறைத்து வைக்கும் நோயே பணித்தளத்துக்குப் பெரிய அபாயம். தானாக முன்வந்து சிகிச்சை கேட்பவனின் வேலை, அவன் சிகிச்சையை ஒழுங்காகத் தொடரும் காலம்வரை, அந்த ஒரு காரணத்துக்காகப் பறிக்கப்படாது என்ற உறுதிமொழியை மனிதவள அமைச்சு விதியாகவே எழுதி வைக்க வேண்டும்.

போதைப்பொருள் விஷயம் இதிலிருந்து வேறுபட்டது என்பதையும் மறைக்கக்கூடாது. போதைப்பொருளுக்கு அடிமையானவர் என்று ஒருவரைப் பற்றி மருத்துவர் கருதினால், ஏழு நாட்களுக்குள் அதை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டுமென்பது இந்நாட்டுச் சட்டம். மதுவுக்கோ சூதாட்டத்துக்கோ அப்படி ஒரு கடமை மருத்துவருக்கு இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல், குடிக்காக வைத்தியரிடம் போனாலே போலீசுக்குத் தகவல் போய்விடும் என்று அஞ்சிக்கொண்டிருக்கும் மனிதனுக்கு, தமிழில், அவனுக்கு விளங்கும் வார்த்தைகளில், யாராவது ஒருவர் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். உள்ளூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். 1972இல் தோன்றிய போதைப்பொருள் எதிர்ப்புச் சங்கமும், இந்து அறக்கட்டளை வாரியத்தின் ஆசிரமம் என்னும் இடைக்கால இல்லமும், 1991 முதல் சிண்டா என்னும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமும் செய்துவரும் தொண்டு பெரிது. அந்த அனுபவத்தில் ஒரு பங்கை விடுதிகளின் பக்கமும் திருப்ப முடியும்.

நான் கேட்பது மாளிகையன்று. கிராஞ்சியில் ஊழியர்களுக்கென ஒரு பொழுதுபோக்கு நிலையம் ஏற்கெனவே இருக்கிறது. ஞாயிறு தோறும் அங்கே, அல்லது அதையொட்டி, இரண்டு மூன்று அறைகள் போதும்: ஒன்றில் மது நோயையும் மன நோயையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த வைத்தியர், மற்றொன்றில் தமிழும் வங்காளமும் பேசும் ஆலோசகர், இன்னொன்றில் குடியை விட்டவர்களும் விட முயல்கிறவர்களும் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொள்ள இடம். வாசலில் ‘பொது வைத்தியம்’ என்ற பலகையே இருக்கட்டும். காய்ச்சலுக்கு வருபவனும் கைநடுக்கத்துக்கு வருபவனும் ஒரே வரிசையில் நிற்பது நோயாளியின் கௌரவத்தைக் காக்கும். வார நாளில் தேவைப்பட்டால் இரவு வேளையில் தொலைபேசித் திரை வழியாக அதே ஆலோசகர் பேசலாம். படுக்கை வேண்டிய அளவுக்கு நிலை முற்றியவனை அங்கிருந்தே புவாங்கோக்குக்கு அனுப்பலாம். அங்கே உடல் தேறியபின் மீண்டும் கிராஞ்சியிலேயே தொடரலாம். காப்புறுதியின் 60,000 வெள்ளியில் ஒரு சிறு பகுதியை இந்த வெளிநோயாளிச் சிகிச்சைக்கு விடுவித்தால் பணத்துக்கும் வழி பிறக்கும்.

ஊரில் இருக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. மகன் பணம் அனுப்பத் தவறினாலோ, பேச்சில் தடுமாற்றமோ எரிச்சலோ தென்பட்டாலோ, ‘அங்கே போய்க் கெட்டுப் போனான்’ என்று தீர்ப்பளிப்பதற்கு முன், அவன் உறங்குகிறானா என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்லும் தைரியம் அவனுக்கு வருமானால் சிகிச்சை அங்கேயே தொடங்கிவிட்டது. குடியை விட்டவன் மறுபடி ஒருநாள் குடித்துவிட்டான் என்றால் எல்லாம் பாழாயிற்று என்று கைவிடவும் வேண்டாம். இரத்த அழுத்தம் போலவும் நீரிழிவு போலவும் இதுவும் ஏறி இறங்கித்தான் வசமாகும்.

இதைப் படிக்கிறவர்களில், விடுதியில் தோழன் ஒருவனைப் பற்றிக் கவலையோடிருப்பவர் இருக்கலாம், முதலாளியாக இருப்பவரும் இருக்கலாம். உங்களிடம் நான் வேண்டுவது, கிராஞ்சியில் அந்த ஞாயிற்றுக்கிழமை வைத்தியசாலை எழும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதுதான். போதைப்பழக்க நிர்வாகச் சேவையின் தொலைபேசி எண் 6732 6837. வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஹெல்த்செர்வ் நடத்தும் இருபத்துநான்கு மணி நேரச் சேவையின் எண் 3129 5000.